மைக் செட்காரரிடம் கண்ட அறிகுறிகள்

தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிட்டால் காரணம் கேட்காமல் போய்விடுகிற ஆள் நான் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. கூப்பிட்டது நாகர்கோவிலில் ஒரு கேபிள் சேனல். ரிமோட்டைத் தொலைத்தவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள். கார் அனுப்புவோம் என்றார்கள். மைத்துனனின் புதுச்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு வாசலில் காத்து நின்றேன். ஆட்டோ வந்தது.

விஷயம் சிரிப்பதற்கு உரியதல்ல. வடக்கே ஏதோ ஓர் ஊரில் பொதுக்கூட்ட மேடையில் பாய்ந்து ஏறிய ஒருவன் தலைவர் ஒருவரை அரிவாளால் வெட்டியிருந்தான். தோளில் காயத்தோடு அவர் தப்பித்தார். வெட்டியவன் யாரென்று தெரியும் முன்பே ஒரு தரப்பு மனநோயாளி என்றது, மறு தரப்பு சதி என்றது. யாருக்கு எது வசதியோ அது. இப்படி ஒன்று நடந்தால் ஒரு வாரத்துக்கு நாடு முழுக்க எல்லோரும் வைத்தியர்கள். அறிகுறிகளை முன்பே கவனித்திருக்க வேண்டாமா என்பது அன்றைய தலைப்பு. ஒரு மனநல மருத்துவர், ஒரு வக்கீல், அப்புறம் நான். என் பெயருக்குக் கீழே 'சமூக நோக்கர்' என்று போட்டிருந்தார்கள். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனை வேறு எப்படித்தான் மரியாதையாகச் சொல்வது?

மருத்துவர் அம்மா சொல்லவேண்டியதைச் சொன்னார். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒருவர் மேலும் கை வைத்ததில்லை, அடி வாங்குவதுதான் அதிகம் என்றார். அதற்குள் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்ததும் என் முறை. பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி நிறையப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். விளக்கு முகத்தில் அடித்ததும் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை, சிரிக்க வைப்பது.

"அறிகுறி என்று பார்த்தால் எங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார்," என்றேன். "மேடையில் தனியாக நின்று 'கேக்குதா?' என்று கேட்பார். 'கேக்குது' என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். அப்புறம் தலைவரின் வாயருகிலேயே நிற்பார். இன்றுவரை ஒரு போலீசும் சந்தேகப்பட்டதில்லை."

வக்கீல் மேசையைத் தட்டிச் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாத பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொன்னது எங்கள் மைக் செட்காரரை. இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் எந்தக் கட்சிக் கூட்டமானாலும், எந்தக் கோயில் கொடைத் திருவிழாவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். உதவிக்கு ஆள் வைப்பதில்லை. ஆகவே கேள்வியும் பதிலும் அவரே. கொடைக்கு வந்த பிள்ளைகள் அவரோடு சேர்ந்து "கேக்குது" என்று கத்தும். இத்தனையும் ஞாபகம் வைத்திருந்த நான் ஒன்றை மறந்துபோனேன். சவூதியிலிருந்து திரும்பி வந்த சமயம் அவருக்கு மனம் தடுமாறி, அன்று முதல் அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில்தான் நன்றாக இருக்கிறார். ஊர் அதை மறக்கவில்லை. என் நகைச்சுவையையும் அந்த மாத்திரையையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டது.

சில நாள் கழித்து அவருடைய மனைவி வந்து என் வீட்டு வெளிக்கதவருகே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"சார், அவருக்க மீட்டிங்கு போச்சு. குழித்துறையில இருந்து வேற செட்டு வருகாம்."

சென்னையிலிருந்து பெரிய தலைவர் பேச வருகிற கூட்டம் அது. கிளைச் செயலாளர் இவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அது போட்டும் சார், சோலி பொறவும் வரும். மாத்திரைய நிறுத்திட்டாரு. மாத்திரை தின்னாத்தான கிறுக்கன்னு சொல்லுவாவ, இனி தின்னல்லன்னு எல்லாத்தையும் தூக்கி ஓடையில போட்டாச்சு. ஒறக்கமே இல்ல. போன தடவையும் இப்பிடித்தான் தொடங்கிச்சு."

என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். டிவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நீங்க படிச்சவிய, நீங்க சொன்னா கேப்பாரு," என்றார். அது இன்னும் மோசம்.

மைக் செட்காரரின் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாததால் முதலில் கிளைச் செயலாளரைப் பார்க்கப் போனேன். தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர். கடையில் உட்கார்ந்து மாத்திரை ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்கதான டிவியில சொன்னிய?"

"அது தமாஷுக்குச் சொன்னது."

"தமாஷுன்னு அடியில எழுதிப் போடல்லியே! தலைவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்? மைக் செட்காரரு நல்ல மனுசன்தான், இல்லன்னு யாரு சொன்னா? ஆனாலும் மாத்திரை திங்கிய ஆளு, பாத்துக்கிடுங்க."

"நீங்களும்தான் தின்கிறீர்கள்."

"இது சுகருக்குலா!"

சுகருக்குத் தின்பவர்கள் தலைவர் பக்கத்தில் நிற்கலாம் போலிருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

கூட்டம் நடந்தது. தலைவருக்கு முதல் பொன்னாடை யார் போர்த்துவது என்பதில் செயலாளர் ஆட்களுக்கும் முன்னாள் செயலாளர் ஆட்களுக்கும் தகராறு. மைக்கில் ஒரு பெயர் கூப்பிட்டார்கள், மேடையில் இரண்டு பேர் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. தலைவர் பொன்னாடை இல்லாமலே காரில் ஏறிப் போனார். குழித்துறைக்காரர் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வயல் வழியாக ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 'பொதுக்கூட்டத்தில் சலசலப்பு' என்று நம் சேனலில் ஒரு வரி ஓடியது. அறிகுறிகள் பற்றிப் பேச யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நாற்காலி வீசியவர்களில் பலர் என்னோடு படித்தவர்கள். அத்தனை பேரும் பூரண நலம்.

மறுநாள் மைக் செட்காரர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ஒயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக. கண் சிவந்திருந்தது.

"வாருங்க சார். கேக்குதான்னு கேக்க வந்தியளா?"

"தப்பாகப் போய்விட்டது," என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல. நானும் டிவியில பாத்துச் சிரிச்சேன். பொறவு ரோட்டுல எறங்கினா, ஒருத்தனும் சிரிக்கல்ல. என்னையக் கண்டதும் பிள்ளைகளப் பிடிச்சு வீட்டுக்குள்ள இழுக்கான்."

படித்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதில் தொடங்கி, பிரஷருக்கு மாத்திரை போல இதுவும் ஒன்றுதான் என்பது வரை கொட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டார்.

"இத அண்ணைக்கு அங்க சொல்லியிருக்கலாம்லா சார்?"

அவர் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரைச் சுற்றி முடித்துவிட்டு மைக் செட்காரர் சொன்னார்:

"செரி, ஆஸ்பத்திரிக்கு வாறேன். நீங்களும் வரணும். வெளிய ஆட்டோவுல இருக்கப்பிடாது. எனக்க பக்கத்துல, அந்த பெஞ்சில இருக்கணும். ஒங்கள டிவியில பாத்தவன் எல்லாம் அங்கயும் பாக்கட்டும்."

போனோம். மனநலப் பிரிவு என்று பெரிய எழுத்தில் போர்டு, அதன் நேர் கீழே பெஞ்சு, எதிரே ஊரே நடந்துபோகிற வராந்தா. உட்கார்ந்ததுமே என் கை தானாகப் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தது.

"பேப்பர மடக்குங்க சார்."

மடக்கினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தினமும் நடந்துபோகிற அந்த வெயிலில் நான் அரை நாள் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதற்கே எனக்கு வியர்த்தது. டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி வந்ததும், என் பாட்டில் தண்ணீரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வராந்தாவில் கையில் கட்டோடு கிளைச் செயலாளர் வந்தார். மைக் செட்காரரைக் கண்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"ஓய், அந்தக் குழித்துறைக்காரன் இனி இந்தத் திசைக்கே வரமாட்டானாம். அடுத்த மீட்டிங்குக்கு நீருதான் குழாய் கட்டணும்."

"நாற்காலி எனக்க பொறுப்பு இல்லன்னா வாறேன்," என்றார் மைக் செட்காரர்.

செயலாளர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலைக்கு மேலே போர்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கட்டில்லாத கையை என் தோளில் வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வெக்கப்படாதீங்க அண்ணாச்சி. டிவியில பேசும்பமே எனக்கு ஒரு சந்தேகம் உண்டும். ஒழுங்கா மாத்திரை சாப்பிடுங்க, செரியாயிரும்."