போர்டில் இல்லம் என்று எழுதியிருந்தது

பங்களா வேலை என்றால் கூட்டுவதும் துடைப்பதும் இல்லை. வீட்டில் இருப்பவரை இல்லை என்றும், வீட்டை விட்டுப் போன சாமானை இருக்கிறது என்றும் முகம் மாறாமல் சொல்வதுதான். பெரிய வீடுகளில் வேலை பார்த்த அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நான் ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாம் தடவை எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. பலாங்கொடையில் பஸ் ஏறி, பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். அதற்கும் மேலே, முன்பு தோட்டத்தை நடத்திய பெரிய தொரை இருந்த பழைய பங்களா. அதை ராஜன் சேர் வாங்கியிருந்தார். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். வேகப் பந்து வீச்சாளர். நாட்டுக்கு ஆடினார், வெளிநாட்டு லீக்குகளில் ஆடினார், காசு கொட்டியது. பிறகு முழங்கால் போனது. காசைக் கூட்டாளிமார் சொன்ன இடத்திலெல்லாம் போட்டார், கூட்டாளிமாரும் போனார்கள்.

அவருடைய அம்மா சரசம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். மகன் பங்களா வாங்கியதும் தன் லயக் காம்பராவை விட்டுக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டார். அந்தக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். பங்களா போனால் சரசம்மாவுக்குத் தலை சாய்க்க இடமில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

கேட்டில் நின்றவர்

நான் பங்களாவில் வேலைக்குப் போன முதல் வாரம். கேட்டில் 'சரசு இல்லம்' என்று போர்டு இருந்தது. மேலே தமிழ், அடுத்து சிங்களம், கடைசியில் இங்கிலீஷ். சேர் அம்மா பேரில் ஆசையாக எழுதி வைத்தது. ஒரு சிங்கள ஆள் வேனை நிறுத்தி இறங்கி, அந்தப் போர்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோயில் வாசலில் கழற்றுவார்களே, அப்படி. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"எத்தனை அடியில இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். மாடி வீடா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "மேல ஒண்ணும் இல்ல, எல்லாம் கீழதான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால் நிற்கிற மண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வேனில் ஏறினார். ஏறும்போது, சரி தங்கச்சி என்று தலையாட்டி, மெதுவாகச் சொன்னார்: "ஹரி நங்கி. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

இந்த ஓவர்

முதலில் கார் போனது. அடுத்து உடற்பயிற்சி மெஷின்கள். தவணை கட்டாத சாமானை எடுக்க லீசிங் ஆட்கள் மரியாதையாகத்தான் வந்தார்கள். டீ குடித்தார்கள், சேரோடு படம் எடுத்துக்கொண்டார்கள், சாமானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் பெரிய டீவி போனது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் டீ கொண்டு போனேன். சேர் அந்த வெள்ளை இடத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தார். தலை இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பியது, நின்றது, மறுபடி திரும்பியது. வலது கை விரல்கள் இல்லாத பந்தைப் பிடித்துத் தையலைத் தடவிக்கொண்டிருந்தன. "சேர், டீ" என்றேன். கையைக் காட்டி நிறுத்தினார். நானும் நின்றேன். சும்மா நிற்க முடியாதே, நானும் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று அவர் தொடையில் அடித்து "ச்சே!" என்றார். எனக்கும் பக்கென்றது, உண்மையாகவே எதையோ தவறவிட்ட மாதிரி. அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வைட் போட்டுட்டான். இன்னும் ஒரு பந்து இருக்கு, நில்லு."

மூச்சு

அதற்குப் பிறகு சேர் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். யார் கூப்பிட்டாலும் சேர் வெளிநாடு என்று சொல்ல வேண்டும். சேர் பக்கத்தில் நின்று கேட்பார். பேங்கிலிருந்து ஒரு பொம்பளை அடிக்கடி கூப்பிடுவார். கோபமே வராத குரல். அதுதான் பயம்.

ஒருநாள் பகல், மிஸ்ட் என்கிற பனிமூட்டம் லேசாக இறங்கியிருந்தது. போன் வந்தது. "சேர் வெளிநாடு மிஸ்" என்றேன். "பக்கத்துல இருக்காரா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற சமையல்கட்டுப் பான்ட்ரியில் சேர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே புல்லில் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தார். சரசம்மா கீழே தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்தார். அதனால் அன்று ஒரே ஒரு தடவை நான் உண்மை சொன்னேன்: "இங்க யாருமே இல்ல மிஸ், நான் மட்டும்தான்." அந்தப் பொம்பளை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அப்போ மூச்சு விடுற அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க தங்கச்சி. நீங்க பேசுறது சரியா கேக்குதில்ல."

ஈர்க்கு

புல்வெளியில் ஓட்டைகள் இருந்தன. விரல் நுழைகிற அளவு, வட்டமாக. சேர் ஸ்பைக் சப்பாத்துப் போட்டு நடந்த தடம் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை மிஸ்ட் வந்து விலகியதும் கூடியிருந்தன. மிஸ்ட் இருக்கும்போது ஜன்னலில் பார்த்தால் வெறும் வெள்ளை. விலகிய பிறகு புதிதாகப் பத்துப் பதினைந்து. நேர்க் கோடாக. வீட்டை நோக்கி.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஓர் ஓட்டையில் விட்டேன். முழுசாக உள்ளே போனது. விரல் நுனியில் பிடித்திருந்ததையும் விட்டேன், அதுவும் போனது. அடியில் தட்டிய சத்தமே இல்லை. சரசம்மாவைக் கூப்பிட்டு, பாம்புப் புற்றா என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வரிசை முடிகிற எங்கள் சாப்பாட்டு அறை ஜன்னலைப் பார்த்தார். "பாம்பு இப்புடி லயன் கட்டி குடியிருக்காது, புள்ள" என்றார்.

கம்பி

அடுத்த மிஸ்ட்டில் நான் உள்ளே இருக்கவில்லை. துணி காயப் போடுகிற கம்பத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றேன். வெள்ளைக்குள்ளிருந்து 'சரக்' என்று ஒரு சத்தம். கிட்டப் போனால் ஓர் ஆள் முழங்காலில் நிற்கிறார். அவர் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளக் கம்பி. பாதி மண்ணுக்குள். மீதியில் காதை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கத்தினேன். அவர் கண்ணைத் திறக்காமல் உதட்டில் விரலை வைத்தார்.

கீழே கிராமத்துப் பியசேன அங்கிள். மாணிக்கக் குழிகளில் வேலை செய்பவர். அன்று போனில் கேட்ட மூச்சும் ஜன்னலுக்கு அடியில் நின்ற இவருடையதாகத்தான் இருக்கும். "களவெடுக்க வரல்ல நங்கி, பாக்கத்தான் வந்தேன். நீங்கதானே போர்டு போட்டிருக்கீங்க" என்றார். அப்போதுதான் அந்தப் போர்டில் சிங்கள வரியை முதல் தடவையாக வாசித்தேன். தமிழ் தெரிந்த யாரும் தமிழ் வரிக்குக் கீழே வாசிப்பதில்லை, நானும் வாசித்திருக்கவில்லை. பலாங்கொடையில் போர்டு எழுதியவர் கடைசி எழுத்துக்குப் போட வேண்டிய குறியை விட்டுவிட்டார். 'இல்லம்' என்பது 'இல்லம' ஆகிவிட்டது. சிங்களத்தில் இல்லம என்றால் மண்ணுக்கடியில் மாணிக்கக் கல் கிடக்கிற சரளைப் படை. கம்பி அதில் உரசுகிற சத்தத்தை வைத்துத்தான் தேடுவார்கள். இரத்தினபுரிப் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். நாங்கள் கேட்டில் வீட்டுப் பெயர் என்று மாட்டியிருந்தது, போகிற வருகிற சனத்துக்கெல்லாம் 'இங்கே கல் இருக்கிறது' என்று வாசித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஓடிப் போய்ச் சேரிடம் சொன்னேன். ஒரு புள்ளியால் வந்த வினை, சேர், அந்த ஆள் கம்பியைக் குத்திக் காதை வேறு வைத்துக் கேட்கிறார் என்றேன். சேர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். "சத்தம் எப்புடி இருந்துச்சுன்னு சொன்னான்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை சேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கொழும்பில் ஹோட்டல் நடத்துகிற ஒருவர் பங்களாவை இருக்கிறபடியே வாங்கச் சம்மதித்திருந்தார். கடன் முழுக்கத் தீர்ந்து கையில் கொஞ்சம் நிற்கும். பின்னால் இருக்கிற வேலையாள் அறையில் சரசம்மா சாகிற வரை இருக்கலாம். இதைவிட நல்ல பேச்சு இனி வராது என்று எனக்கே தெரிந்தது, கணக்கில் இரண்டு தடவை பெயிலான எனக்கே. சரசம்மா பேனாவை மேசையில் எடுத்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சேர் ஹோட்டல்காரருக்குப் போன் எடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். "ஏண்டா ராஜா, அந்த ஆளு மனசு மாறிருச்சுன்னா?" என்றார் சரசம்மா. சேர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கீழ என்னா இருக்குன்னு தெரியாம மேல இருக்கிறத விக்கச் சொல்றீங்களாம்மா?"

சாப்பாட்டு அறை

சேர் பியசேன அங்கிளைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளும் கம்பி குத்த வைத்தார். கம்பிக்கு நல்ல சத்தம் வந்த இடம் சாப்பாட்டு அறை. அனுமதிப் பத்திரம் இல்லை. வீட்டுக்குள் தோண்டினால் ரோட்டுக்குத் தெரியாது. பலகைத் தரையைப் பெயர்த்தார்கள். பியசேன அங்கிளும் இன்னும் மூன்று பேரும். சதுரமாக, நேராக, கட்டை கொடுத்துக் கொடுத்து இறங்கினார்கள். மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். சேர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்த அதே பார்வையில் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாணிக்கக் குழிக்கு ஒரு முறை உண்டு. செருப்பு ஆகாது, கெட்ட பேச்சு ஆகாது, பெண்கள் கிட்டவே வரக் கூடாது. வந்தால் கல் மறைந்துவிடுமாம். பியசேன அங்கிள் வெட்கப்பட்டுக்கொண்டே இதைச் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டு அறைக்கு நானும் இல்லை, சரசம்மாவும் இல்லை. சேருடைய சோற்றைப் பான்ட்ரி வாசல் நிலையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்போம். சரசம்மா ஒருநாள் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "தொரைமாரு இருக்கையில எப்பயாச்சும் வந்தாலும் இந்த நெலைக்கு இந்தப் பக்கந்தான் நின்னேன். இப்ப எம் பேருலயே வீடு. அதே எடந்தான்."

பந்துகள்

கண்ணாடி அலுமாரியையும் எடுத்துப் போயிருந்தார்கள். அதிலிருந்த பந்துகளை, சேர் விக்கெட் எடுத்த மேட்ச் பந்துகளை, முன் கூடத்து ஹோலில் சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தேன். யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மோட்டார் நின்றிருந்தது. நான் பான்ட்ரியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ உருண்டது. ஒரு சிவப்புப் பந்து என் கதவைத் தாண்டிச் சாப்பாட்டு அறைக்குப் போனது. மெதுவாக, வழி தெரிந்த மாதிரி. அடுத்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. ஹோலில் ஆளில்லை, காற்றில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி சாத்தியிருந்த பான்ட்ரிக் கதவும் தானாகத் திறந்து சுவரில் சாய்ந்தது. நிலைக்கு மேலே சுவரில் ஒரு வெடிப்புக் கோடு ஓடியிருந்தது. காலையில் அது இல்லை. வீடு குழிப் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. "சேர், வீடு சாயுது, வெளிய வாங்க!" என்று கத்தினேன். சேர் கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு பந்து விளிம்பில் நின்று யோசித்துவிட்டு விழுந்தது. அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். அடியில் 'தொபுக்' என்றதும் முகம் மலர்ந்தது: "சத்தம் லேட்டா வருது, பாத்தியா? இன்னும் ஆழம் இருக்கு."

சரசம்மா உள்ளே போனது

நான் கத்தியது சரசம்மாவுக்குக் கேட்டது. வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். ஆட்கள் சாப்பிட்டு வந்து குழியில் இறங்கட்டும் என்று காத்திருந்தார். இறங்கினார்கள், சேரும் அன்று கூடவே இறங்கினார். அப்போது சரசம்மா போய்ச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். மலையில் வெறுங்காலோடு நடந்தவர், பங்களாவுக்குள் ஒருநாளும் செருப்புப் போடாதவர். நிலையைத் தாண்டி, பலகையில் டக் டக்கென்று நடந்து, குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். போதாததற்கு நான் எழுதக் கூசுகிற ஒரு கெட்ட வார்த்தையையும் உள்ளே சொன்னார்.

அந்த நாலு பேரும் மேலே ஏறினார்கள். கை கால் கழுவினார்கள். பியசேன அங்கிள் கம்பியைத் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "அம்மா வந்துட்டாங்க. இனி இங்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கோபம் இல்லை; சுவரில் ஓடிய கோட்டை அவரும் பார்த்தார். சேர் மட்டும் தண்ணீரில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஹோட்டல்காரர் வந்து வெடிப்பைப் பார்த்து விலையை நன்றாகக் குறைத்தார். கடன் தீர்ந்தது, கையில் ஒன்றும் நிற்கவில்லை. பின் அறையை மட்டும் சரசம்மா விடவில்லை. அதைத் தந்தால்தான் மகன் கையெழுத்துப் போடுவான் என்று முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். தந்தார்கள். இரண்டு பேரும் இப்போது அங்கேதான்.

குழியை மூடிவிட்டார்கள். ஆனால் மழை நாளில் சேர் பின் அறைச் சிமெந்துத் தரையில் காதை வைத்துப் படுத்திருப்பார். கல் அங்கே இருந்தது, அம்மா வந்ததால்தான் போனது என்று தோட்டத்தில் பாதிப் பேரும் அவரும் இன்னும் சொல்கிறார்கள். போன கிழமை என் முன்னாலேயே அதை அம்மாவிடம் சொன்னார். சரசம்மா அவர் தலைக்குக் கீழே தலையணையைச் செருகிவிட்டுச் சொன்னார்: "ஆமாடா, நான்தான் வெரட்டினேன். கல்லு போயிருச்சு. நீ இருக்க."

பெரிய வீட்டில் காசு தீர்ந்துபோனது கடைசியாகத் தெரிவது வீட்டுக்காரருக்குத்தான். கூட்டுகிறவளுக்கு முன்னமே தெரிந்துவிடும், ஏனென்றால் கூட்டும்போது நகர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது.