வெயிலில் செத்த சிவப்பு

சாயப்பொடி விற்பவனுக்கு முதல் எதிரி வெயில். இரண்டாவது எதிரி, சாயத் தொழிலை நன்றாக அறிந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் நான் இரண்டு பேரிடமும் சிக்கினேன். வாசல் வாசலாக ஏறி எதையாவது விற்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் கட்சி.

என் சரக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சாயப்பொடி. அம்மோனியாவில் ஒரு ஹைட்ரஜனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு கரிமச் சேர்மம் உட்கார்ந்துகொண்டால் அதற்கு அமீன் என்று பெயர். என் பொடியும் அந்த வம்சம். திராவகத்தில் கரைத்து, நைட்ரைட் உப்புப் போட்டு, வேறொரு மருந்தில் ஊறிய வெள்ளை நூலை அதில் முக்கினால் கண்ணெதிரே சிவக்கும். ஒரே நிபந்தனை, தொட்டியில் ஐஸ் மிதக்க வேண்டும்; சூடேறினால் சரக்கு கெட்டுப்போகும்.

பூந்தமல்லி காதர் பாய் வாங்கினால் சுற்றுவட்டாரச் சாயக்காரர்கள் எல்லோரும் வாங்குவார்கள். "ரம்ஜான் மாதம் பிறக்குமுன் அவர் வாங்கவில்லை என்றால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்" என்று எங்கள் கம்பெனி மானேஜர் சொல்லியிருந்தார்.

காய்ச்சல் யாருக்கு?

பட்டணத்தில் ஐஸ் வாங்கி, மரத்தூள் போட்ட சாக்கில் கட்டி, ரயிலில் ஆவடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டியில் பூந்தமல்லி போக வேண்டும். முதல் தடவை கொரட்டூர் வருவதற்குள் சாக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. அந்த நாளில் ஒருவன் ஐஸ் வாங்கிப் போனால் வீட்டில் யாருக்கோ கடும் ஜுரம் என்று அர்த்தம். எதிரே கீரைக்கூடையோடு இருந்த அம்மாள், "ஊட்ல யாருக்கு நைனா காய்ச்சல்?" என்றாள்.

"யாருக்கும் இல்லைம்மா, நூலுக்கு" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "பாவம், இதுக்கேதான் காய்ச்சல் தலைக்கேறிக்கினு கீது. தள்ளி குந்து, புள்ள படுக்கட்டும்."

ஒரு நிமிஷச் சிவப்பு

காதர் பாயின் சிவப்புக்கு நூலை எண்ணெயில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு இருபது நாள் ஆகும். மிச்சமிருந்த ஐஸ் மிதந்த தொட்டியில் என் நூல் இறங்கிய வேகத்தில் சிவந்தது. கூடி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். பாய் மட்டும் நூலை முகர்ந்து பார்த்தார். "இருபது நாள்ல வர்ற செவப்பு இருபது வருசம் நிக்கும். உன் செவப்பு எம்மா நேரம் நிக்கும் தம்பி?"

தானாகக் கொதித்தது

பாய் அந்த நூலைச் சவுக்காரத்தில் ஒரு நாள் முழுக்க வேகவைத்தார். சாயம் அசையவில்லை. மனம் இளகி, தானே போட்டுப் பார்ப்பதாகக் கொஞ்சம் பொடி கேட்டார். ஐஸ், ஐஸ் என்று பத்துத் தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுப்பில் வேகாத சாயத்தை அவர் கண்டதில்லை. குளிர்ச்சி என்பது பட்டணத்துக்காரனின் சொகுசு என்று நினைத்துத் தொட்டியை வெயிலில் வைத்துவிட்டார். நான் மறுபடி போனபோது தொட்டி முழுக்கக் குமிழி. பொடியிலிருந்து நைட்ரஜன் வெளியேறுகிறது, அதாவது சரக்கு உயிரை விடுகிறது. நூல் புகையிலை நிறத்தில் கிடந்தது. பாய்க்கோ பூரிப்பு. "பாத்தியா, ஒரு குச்சி வெறகு வெக்கல, தானா கொதிக்குது! கலரு மட்டந்தான். ஆனா வெறகு எம்மாம் மிச்சம்!"

மானேஜர் வந்த நாள்

ரம்ஜான் மாதம் பிறக்க நாலு நாள் இருந்தது. மானேஜரே பூந்தமல்லிக்கு வந்துவிட்டார். ஏழெட்டுச் சாயக்காரர்களும் கூடிவிட்டார்கள். ஐஸ் சாக்கைப் பாய் வீட்டுப் பின்கட்டு நிழலில் வைத்துவிட்டுப் பொடியைத் திராவகத்தில் கரைத்து, நைட்ரைட் உப்பும் போட்டேன்; இனி ஐஸ் போடுவதுதான் பாக்கி. உச்சி வெயில். பாய் எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தார். நானும் ஒரே மூச்சில் குடித்தேன். மானேஜர் இரண்டாவது கிளாஸையும் முடித்துவிட்டு, "இந்த வெயிலில் இவ்வளவு ஜில்லென்று எப்படி, பாய்?" என்று கேட்டார்.

"எல்லாம் உங்க தம்பி எத்துகினு வந்த ஐஸுதான். வந்தவங்களுக்கு வெறும் தண்ணியா குடுக்கறது?" என்றார் பாய்.

பின்கட்டுக்கு ஓடினேன். ஈர மரத்தூள் மட்டும் இருந்தது. தொட்டியில் குமிழி கிளம்பியது. சாயக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நூலில் ஏறாத சிவப்பு மானேஜர் முகத்தில் ஏறியது. அவர் என் பக்கம் திரும்புமுன் பாய் நடுவில் வந்து நின்றார்: "தம்பிமேல கோச்சுக்காதீங்க சார். அவுரு ஒரு கிளாஸுதான் குட்ச்சாரு, நீங்க ரெண்டு."

அடுத்த மாதம் நான் பத்திரிகை ஆபீஸில் சேர்ந்தேன். அங்கே சரக்கு ஆறினால்தான் கெட்டுப்போகும்.