நல்லான் இல்லாத வாசல்

முஸ்தபா பாய் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, காமிராவைக் கோபுரத்தை நோக்கிச் சாய்க்கிறார். படத்தில் கலசமும் வரவேண்டும், நிற்பவர்களின் காலும் வரவேண்டும். பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து அவிநாசிக் கோயில் வாசலில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கும். அந்த நெரிசலிலும் இவர் படத்தில் அந்நியர் ஒருவர்கூட இருக்கமாட்டார். "எடுக்கச் சொன்னவங்க மட்டுந்தானுங்க வாசல்ல நிக்கோணும்" என்பார். கூட்டம் விலகும் நொடிக்காகக் காத்திருக்கையில் வேர்வை மூக்கு நுனியில் தொங்கும், துடைக்கமாட்டார்.

ஒவ்வொரு படத்துக்கும் அவர் விலக்கவேண்டியிருந்த ஒருவர், வாசலின் இடப்புறம் செருப்புக் காவல் பார்த்த நல்லான்.

"நல்லாண்ணா, கொஞ்சம் நவுருங்க!"

"இன்னும் நவுந்தா தெப்பக்குளத்துலதான் உக்காரோணும், பாய்!" என்றபடியே முக்காலியோடு நகர்ந்துவிடுவார்.

1992 ஐப்பசியில் நல்லான் காய்ச்சலில் இறந்தார். அந்த முக்காலியில் இப்போது அவர் மனைவி சாமியாத்தாள் உட்காருகிறார். மறு வருடம் புரட்டாசியில் அவர் பாயிடம் வந்தார்.

"வருசத் திதிக்கு வெக்க அவரு படம் வேணுங்க. ஊட்டுல ஒண்ணுகூட இல்லீங்க. நீங்க தெனமும் இங்கதானுங்களே எடுத்தீங்க?"

பாய் பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கோபுரம் இருந்தது. எதிலும் நல்லான் இல்லை. கெட்டுப்போன படங்களை அன்றன்றே கத்தரித்து எறிவது அவர் வழக்கம்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. குன்னத்தூர் மணமக்களை எடுக்கும்போது நல்லான் குறுக்கே வந்துவிட்டார். பாய் மறுபடி எடுத்தார். அன்று மாலையே படம் வாங்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, "கழிச்சத ஏனுங்க வீசறீங்க? அதையும் பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்று வாங்கிப் போயிருந்தார்.

பாய் குன்னத்தூருக்கு பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டில் படம் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து வெயிலில் வைத்து, நல்லான் இருந்த நடுப்பகுதியைப் படம் எடுத்தார்.

"பொண்ணு மாப்பிள்ளைய உட்டுப்போட்டுச் செருப்புக்காரரையா எடுக்கறீங்க, பாய்?" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார்.

"ஆமாங்க. அவரு மட்டும் போதுமுங்க."

திதிக்கு முந்தின நாள் சாமியாத்தாளிடம் படத்தைக் கொடுத்தார். இருபுறமும் மணமக்களை வெட்டியிருந்தார். வாசலின் நடுவில், கை நிறையச் செருப்போடு, ஏதோ சொல்ல வாய் திறந்தபடி நல்லான் நின்றார்.

சாமியாத்தாள் நெடுநேரம் பார்த்தார். "பொத்தானப் போடாம நின்னுருக்காரு பாருங்க" என்றார். பிறகு படத்திலிருந்த சட்டையின் மேல், பெருவிரலால் ஒருமுறை அழுத்தினார்.