மலேசியாக் கட்டும் சவுதிக் கட்டும்

என் மாமனார் பணத்தை எண்ணுவதற்கு முன் இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார். ஒன்று மலேசியாவுக்கு, இன்னொன்று சவுதிக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில், ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒருமுறை இது நடக்கும். அவருடைய மூத்த மகன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். இளையவர், என் கணவர், சவுதியில் சாலை போடும் கம்பெனியில் லாரி ஓட்டினார். அவர்கள் எங்கள் பெயருக்கு அனுப்பும் பேங்க் டிராப்டுகளை மாற்ற நானும் என் மூத்த ஓரகத்தியும் ஒரே பஸ்ஸில் போடிக்குப் போவோம். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்ததும் மாமனார் இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பார். என் கட்டு எப்போதும் அவளுடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

இப்போது வெளிநாட்டுப் பணம் சத்தமில்லாமல் பேங்குக் கணக்கில் விழுகிறது. அன்று யார் எவ்வளவு அனுப்பினார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த உயரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நெய் முதலில் என் தட்டில்தான் விழும். ஒருமுறை மலேசியாவிலிருந்து இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. “பணம் வராதவ உக்காந்து சாப்பிட்டா எப்படி?” என்று மாமனார், மாமியாரிடம் சொல்வதுபோல, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அடுத்த திங்கட்கிழமை விடியலில் அக்கா, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் ஜீப்பில் ஏறினாள். பணம் மறுபடி வரத் தொடங்கிய பிறகும் அவளைப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பாள். நான் சவுதியிலிருந்து வந்த டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு சவுதியிலிருந்து வரும் கடிதமும் டிராப்டும் நின்றன. முதல் மாதம் நான் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன். இரண்டாம் மாதம், தபால்காரர் வரும் நேரமானாலே வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்ற பயம் ஒரு பக்கம். பால் மறக்காத பெண் குழந்தையை விட்டுவிட்டு நானும் ஜீப்பில் ஏற வேண்டிவருமோ என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிதாக இருந்தது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அது இன்றும் என்னைக் கூசவைக்கிறது.

டிராப்டு இல்லாமலே அக்காவோடு பேங்குக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பணம் வாங்கிக்கொண்டு வந்தவள் என் வெறுங்கையைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் பணத்தில் பாதியை எண்ணி என் கையில் திணித்தாள். நான் வேண்டாமென்றேன்.

“உனக்காகன்னு நெனைக்காத. மாமா பேசுன அந்தப் பேச்ச அந்த வீட்டுல இன்னொருத்தி வாங்கிக்கிட்டு நிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வெரசா முந்தானைல முடிஞ்சுக்க, பஸ்சு வருது.”

அன்று இரண்டு கட்டும் ஒரே உயரம். சவுதியில் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், பிறகு தருவார்களாம் என்று பொய் சொன்னேன். மாமனார் நம்பினார். மலேசியாக் கட்டு பாதியானதற்கு அக்காவைத்தான் திட்டினார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் கதை முடிந்திருக்கும். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. நான்கு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம் என் கணவர் ஒற்றைத் தோள்பையோடு வந்து இறங்கினார். கம்பெனி முதலாளி சம்பளம் தராமலே ஓடிவிட்டானாம். வெறுங்கையோடு என்ன எழுதுவது என்று கடிதமும் போடவில்லையாம். சாப்பிட உட்கார்ந்ததும் மாமனார் கேட்டார்.

“இப்ப அனுப்புனது கொறச்சல்தான். கையில எவ்வளவு வச்சிருக்க அப்பு?”

“அஞ்சு மாசமா நான் ஒண்ணுமே அனுப்பலையேப்பா.”

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு பரிமாறிக்கொண்டிருந்த அக்காவை நெடுநேரம் பார்த்தார். அவள் கை நிற்காமல் அவருக்கும் சோறு வைத்தாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் விடியலில் ஜீப் ஹாரன் கேட்டது. வாசலில் நின்றிருந்த மாமனார், அக்கா கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு, “இனிமே நீ மலைக்குப் போக வேணாம் ஆத்தா” என்றார். அவளை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

அவள் சட்டியை மெல்ல விடுவித்துக்கொண்டாள். “சோலி கெடக்கு மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என் கணவர் பக்கத்தில் கிடத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.