"கோரம் இருக்கா?" என்று கேட்ட அக்கா

நம் தண்ணீர்ச் சங்கத்துச் செயலாளர் சிவபாக்கியம் அக்கா காலமான செய்தி, சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்தேன். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் கட்டைவிரலையும் உயர்த்தியிருந்தார். அக்கா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நாம் அனுப்பியது அதைத்தானே! "கட்டைவிரல் வந்திருச்சு, கால்தான் காணோம்" என்பார்.

என்னை உபதலைவராக்கியதும் அவர்தான். நான் கூட்டத்துக்குப் போகாத நாளில் என் பெயரைப் போட்டுவிட்டார். "வந்திருந்தா வேணாம்னிருப்பீங்க தம்பி." அடுத்த கூட்டத்துக்கு வெட்கத்தில் போனேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளின் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்து, "கோரம் இருக்கா?" என்றார். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவனுக்குக் கோரம் என்றால் அவலட்சணம்தான். முகத்தைத் தடவிக்கொண்டேன்.

"ஒங்க மூஞ்சியச் சொல்லல தம்பி. கூட்டம் நடத்தப் போதுமான ஆள் இருக்கான்னு கேட்டேன்."

என் மகள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆள் குறையக் குறைய, எல்லாம் இந்தக் கைப்போனால் வந்த வினை என்றேன். அக்கா ஒப்பவில்லை. "இளசுங்க கொழும்புல. பொம்பளைங்க கொழுந்து பறிச்சு நிறுத்துட்டு வந்தா அடுப்பு. மிச்ச ஆளுககிட்ட வந்தவனெல்லாம் ஓட்டுத்தான் கேட்டான். என்ன வேணும்னு ஒருத்தன் கேட்டானா? அப்பறம் எவன் வாயத் தொறப்பான்?"

பெண்களுக்காகக் கூட்டத்தை ஞாயிறு பகலுக்கு மாற்றினார். கொஞ்சக் காலம் காம்பரா நிறைந்தது. பிறகு அந்தப் பெண்களில் பலரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அக்காவின் சாவுக்கு எல்லோரும் வந்தோம். கொழும்புப் பிள்ளைகள்கூட வேன் பிடித்து வந்தார்கள். செயலாளர் இல்லாவிட்டால் சங்கம் கலைந்துவிடும். ஊற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் பார்க்க நாதியிருக்காது. அடக்கம் முடிந்ததும் துணிந்து கேட்டேன்: "எல்லாரும் இருக்கோம். இங்கேயே ஒருத்தரப் போட்டுருவோமா?"

"சாவுக்கு வந்த எடத்துல என்னண்ணே இது?" என்றார் ஒருவர்.

"குரூப்ல போடுங்க" என்றார் இன்னொருவர். வேன் ஹோர்ன் அடித்தது.

ஞாயிறு கூட்டம் என்று குரூப்பில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஞாயிறன்று பிள்ளைக் காம்பராவில் நானும் அக்காவின் கதிரையும்தான் இருந்தோம்.

தாங்கியின் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்டால் யாருக்கும் கொடுத்துவிடுவேன், கேட்கத்தான் ஆளில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். கோரம் இருக்கா?

முகத்தைத் தடவிப் பார்த்தேன். இருக்கிறது அக்கா.