எல்லாப் பெண்களுக்கும் தலையிடி

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12ஆம் திகதி, புதன்கிழமை. காலை எட்டு மணிக்கே கச்சான் காற்று சூடேறி வீசத் தொடங்கியிருந்தது. வாவி நீர் கரையிலிருந்து பத்தடி உள்வாங்கியிருக்க, வெளிப்பட்ட சேற்றில் கொக்குகள் நின்றன. அந்த நேரத்தில்தான் நல்லரத்தினத்தின் கைக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. வாவியோரத்துச் சிறிய வைத்தியசாலைக்கு நிரந்தர மொழிபெயர்ப்பு உதவியாளர் ஒருவரை நியமிக்கவிருப்பதாகவும், 27ஆம் திகதி நேர்முகப் பரீட்சைக்காக மட்டக்களப்பு நகருக்கு வரவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. பதவி ஒன்றே ஒன்று.

நல்லரத்தினம் கடிதத்தை முதலில் தமிழில் படித்தார். பிறகு அதன் சிங்களப் பக்கத்தையும் படித்தார். இரண்டிலும் ஒரே செய்தி இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாலரை ஆண்டுகளாக நாட்கூலிக்கு அவர் செய்துவந்த வேலை அது. அந்த வேலைக்கு இப்போதுதான் ஒரு பெயர் கிடைத்திருந்தது.

பெரியகல்லாற்றில் பிறந்த நல்லரத்தினம், இருபத்திரண்டு வயதில் குருநாகலுக்குப் போய் அங்கே ஒரு பேக்கரியில் ஆறாண்டுகள் வேலை பார்த்தவர். சிங்களத்தை அவர் கற்றது ரொட்டி சுடும் போறணையின் வாயருகில் நின்றுதான். 1990இல் ஊர் திரும்பி, வாவியில் வலை போட்டுக்கொண்டு, கண்ணகையை மணந்து, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாகி, கற்ற மொழியை ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து வீட்டையும் தோணியையும் கொண்டுபோயிற்று. கண்ணகையும் மகளும் கிரானில் உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். நல்லரத்தினம் மரத்தைப் பிடித்துத் தப்பி, பெயர்ந்து கிடந்த கதவுப் பலகையொன்றில் காயம்பட்டவர்களைக் கிடத்தி வைத்தியசாலைக்குச் சுமந்தார். மூன்றாம் நாள் தெற்கிலிருந்து வைத்தியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. படுத்திருந்தவர்களுக்குச் சிங்களம் தெரியாது. காலில் காயத்தோடு கிடந்த ஒரு கிழவரைப் பார்த்து இளம் வைத்தியர் ஒருவர் ஏதோ கேட்க, கிழவர் விழிக்க, பின்னால் நின்ற நல்லரத்தினம் தம்மை அறியாமலே பதில் சொன்னார். காயம் எப்படி வீங்கியது என்பதற்கு வைத்தியச் சொல் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஆகவே, "இரவு புளிக்க வைத்த மா காலையில் பொங்குமே, அப்படி" என்று சிங்களத்தில் விளக்கினார். மூன்று நாட்களில் முதன்முறையாக அந்த வைத்தியர் சிரித்தார். நல்லரத்தினத்தின் தோளைப் பிடித்துத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அன்று நின்றவர்தான்; பிறகு நகரவேயில்லை. வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் கதிரை அவருக்கெனப் போடப்பட்டது. அதை ஒவ்வொரு மாலையும் தாமே கழுவித் துடைத்து வைப்பார். வரிசைக்கு அவர் வகுத்த விதி ஒன்றுதான்: முதலில் வந்தவர் முதலில் பேசுவார். 2007இல் வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்களும், பக்கத்து முஸ்லிம் ஊராரும், பெரியகல்லாற்று மீன்பிடிக்காரர்களும் ஒரே நீள வாங்கில்தான் அமர்ந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் சந்தைக்கு மற்றவர் போகாதிருந்த நாட்களிலும் அந்த வாங்கு இரண்டாகவில்லை. ஒருநாள் காய்ச்சலோடு வந்த சிப்பாய் ஒருவன் நேரே உள்ளே நுழையப் பார்த்தபோது, அவனுக்கும் முப்பத்தோராம் இலக்கத் துண்டைக் கொடுத்து, "தம்பி, உனக்கு என் உதவி வேண்டியதில்லை, வாங்கு மட்டும் வேண்டும். போய் இரு" என்று சிங்களத்திலேயே சொல்லி அனுப்பினார். அவனும் போய் இருந்தான்.

இத்தனையும் செய்த மனிதர் தம் வேலையில் ஒரு குறை இருக்குமென்று நினையாமல் இருந்ததில் வியப்பில்லை.

2009 தை மாதம் டொக்டர் நிலந்தி பொறுப்பேற்றார். முப்பது வயது, பத்துத் தமிழ்ச் சொற்கள் தெரியும். பெண் வைத்தியர் வந்துவிட்டார் என்ற செய்தி பரவியதும் புதன்கிழமைப் பெண்கள் கிளினிக் நிரம்பி வழிந்தது. வைகாசியில் போர் முடிந்து பாதைகள் திறந்தபின் கூட்டம் இரட்டிப்பாயிற்று. எல்லோரையும் பகல் பன்னிரண்டு மணிக்குள் டொக்டர் பார்த்து முடிக்கும்படி நல்லரத்தினம் செய்துவிடுவார். அந்த வேகத்தில் அவருக்குப் பெருமை.

கடிதம் வந்த அதே புதன்கிழமை நஸீறா என்பவள் கிளினிக்குக்கு வந்தாள். பொலன்னறுவைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். சுனாமியில் கணவனை இழந்து, மாமியார் ஸாலிஹாவுடன் புதிய வீட்டுத் திட்டத்தில் இருந்தாள். உள்ளே வந்தவள் நீலக் கதிரையைப் பார்த்தாள்.

"அண்ணன், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"ஏன் தங்கச்சி, நான்தானே சொல்லிக் குடுக்கிற ஆள்."

"எனக்குச் சிங்களம் தெரியும். எனக்கிட்ட நாக்கு இரிக்கி, இரவல் வேணாம்."

வாங்கில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். நல்லரத்தினம் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நாலரை ஆண்டுகளில் அவரை யாரும் அப்படி அனுப்பியதில்லை. உள்ளே நஸீறா கால் மணி நேரம் பேசினாள்.

கிளினிக் முடிந்ததும் டொக்டர் நிலந்தி பதிவேட்டைத் திறந்து வைத்து, சிங்களத்தில் கேட்டார்.

"நல்லரத்தினம், இந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தலையிடியா?"

"கச்சான் காற்றுக் காலம், டொக்டர். வெயில் தலைக்கு ஏறும்."

"மாசியில் மழை பெய்ததே. அப்போதும் தலையிடிதான். இன்று ஒருத்தி மட்டும் வேறு நோய் சொன்னாள். அவள் உங்களை வெளியே அனுப்பியவள்."

நல்லரத்தினம் பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு சொல்லையும் அவர் திரித்ததில்லை. தலையிடி என்று அவர்கள் சொன்னார்கள். தலையிடி என்று இவரும் சொன்னார். பின்னே பிழை எங்கே?

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போனார். கண்ணகை கிணற்றடியிலிருந்து பாதிக் குடம் தண்ணீரோடு வந்து, படியில் அமர்ந்து மூச்சு வாங்கினாள். முகம் வெளிறியிருந்தது. கடிதத்தைக் காட்டியதும் அந்த முகம் மலர்ந்தது.

"பென்சனும் இருக்காமா?"

"ஓம், நிரந்தரம் எண்டா இருக்கும்தானே."

"அப்ப இனி உங்கள ஐயா எண்டுதான் கூப்பிடணும் போல."

அவர் சிரிக்கவில்லை. நஸீறாவின் கதையையும் டொக்டரின் கேள்வியையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கண்ணகை, குடத்தின் கழுத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கா பேசாம இருக்காய்? உனக்கும் போன மாசம் தலையிடிதானே. நான்தானே டொக்டருக்குச் சொன்னன்."

"எனக்கெங்க தலையிடி? ஒரு வருசமா மாசத்துல பதினைஞ்சு நாள் ரத்தம் போகுது. கட்டி கட்டியாப் போகுது. நிண்டா தலை சுத்துது."

"மறுகா ஏன் அங்க வந்து தலையிடி எண்டு சொன்னாய்?"

"நீங்க நடுவுல குந்தியிருக்கக்குள்ள நான் வேற எதச் சொல்லுற?"

"நான் உன்ர புருசன்!"

"புருசனா இருந்தும் எனக்கே இந்தப் பாடு. மத்தப் பொம்பிளையள் என்ன செய்வாளுகள்? பின்னேரம் கடையில, கோயிலில, பள்ளிக்கூட வாசலில உங்களத்தானே காணுறாளுகள். இஞ்ச பாருங்க, வாங்கில இருந்து நாங்க எல்லாரும் ஒண்டாத்தான் யோசிச்ச. தலையிடி எண்டு சொன்னா நீங்களும் சங்கடப்பட மாட்டீங்க, பனடோலும் கிடைக்கும், பன்னிரண்டுக்குள்ள வீட்டயும் போகலாம்."

"எல்லாரும் எண்டா?"

"எல்லாரும்தான். எங்கட ஆக்களும், முஸ்லிம் பொம்பிளையளும். அந்த ஒரு விசயத்தில எங்களுக்குள்ள சண்டையே இல்ல."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவரும் சிரிக்க முயன்றார். தாம் பெருமைப்பட்ட வேகம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தமிழ் நோயாளியும் முஸ்லிம் நோயாளியும் தெற்கத்தி நோயாளியைப் போலவே வைத்தியரிடம் தம் நோயைச் சொல்லவேண்டும் என்பதற்காகப் போடப்பட்ட கதிரை அது. அதன் முன்னால் பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் நஸீறாவின் வீட்டுக்குப் போனார். ஸாலிஹா தேநீர் கொடுத்தாள். வந்த காரியத்தை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் நஸீறா கையைத் தட்டினாள்.

"அண்ணன், உங்களுக்கு வேலைக்குக் கடிதம் வந்திரிக்காமே? ஊரெல்லாம் கதை. இப்ப கதிரைய எனக்குத் தாறீங்களா?"

"புதன்கிழமைக்கு மட்டும்தான், தங்கச்சி."

"நேத்து வெளிய போங்க எண்டதுக்குக் கோவமா இரிப்பீங்க எண்டு நினைச்சன்."

"கோவம்தான். ஆனா கோவத்தோட வந்து கேக்கக் கூடாதெண்டு இல்லையே."

ஸாலிஹா சிரித்துவிட்டாள். நஸீறா மட்டும் சற்று யோசித்தாள்.

"தமிழ்ப் பொம்பிளையள் எனக்கிட்டச் சொல்லுவாங்களா? எங்கட ஆக்களுக்கிட்டப் போய்ச் சேர்ந்திரும் எண்டு நினைக்க மாட்டாங்களா?"

நல்லரத்தினம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வந்து பாருங்க" என்றார்.

அடுத்த புதன்கிழமை நஸீறா பயந்தபடியே நடந்தது. டொக்டரின் சம்மதத்தோடு நீலக் கதிரையில் இருந்த அவளைக் கண்டதும் வாங்கில் இருந்த தமிழ்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாம் இலக்கத்துக்குரியவள் எழும்பவில்லை. இரண்டாம் இலக்கத்துக்குரியவள் செருப்பைத் தேடினாள். நல்லரத்தினம் வாசலில் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு செய்வதறியாது நின்றார். அப்போது ஒன்பதாம் இலக்கத் துண்டோடு இருந்த கண்ணகை எழுந்தாள்.

"ஒருத்தரும் போகாட்டி நான் போறன். என்ர மனுசனுக்கிட்டயே பொய் சொன்னனான், இனி ஆருக்குப் பயம்?"

வரிசையை மீறிய முதல் ஆள் தம் மனைவியேயாக இருக்க, நல்லரத்தினம் வாசலை விட்டு விலகி வழி விட்டார். கதவு சாத்தப்பட்டது. வேப்பமரத்தடியில் நின்ற அவருக்குச் சொல் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் தாழ்ந்த குரல்களும், இடையில் மூன்று பெண்களின் சிரிப்பும் மட்டும் கேட்டன. கண்ணகை வெளியே வந்து, முதலாம் இலக்கத்துக்குரியவளின் முதுகில் தட்டி, "போ கா, நல்ல புள்ள அது. கேட்டத டொக்டருக்குச் சொல்லும், வேற ஆருக்கும் சொல்லாது" என்றாள்.

அன்று கிளினிக் முடியப் பின்னேரம் மூன்று மணி. நல்லரத்தினத்துக்குத் துண்டு கொடுப்பதையும் தண்ணீர் கொண்டுவருவதையும் தவிர வேறு வேலை இல்லை. டொக்டர் நிலந்தி வெளியே வந்து, களைத்த முகத்தோடு, "தலையிடி இரண்டு" என்று விரல்களைக் காட்டினார். தெரிந்த பத்துச் சொற்களில் இரண்டைச் செலவழித்திருந்தார்.

கண்ணகையை டொக்டர் மட்டக்களப்புக்கு அனுப்பி வைத்தார். கருப்பையில் சிறு கட்டி, ஆபத்தில்லாதது, இரத்தம் குறைந்திருந்தது. இரும்புச்சத்துக் குளிசையும் வேறு மருந்தும் கொடுத்தார்கள். நாலைந்து நாள் கழித்து அவள் முழுக்குடத்தோடு கிணற்றடியிலிருந்து வந்ததை நல்லரத்தினம் வாசலில் நின்று பார்த்தார். மனத்துக்குள் இருந்த பாரமெல்லாம் இறங்கிற்று. ஆனால் 27ஆம் திகதி அப்படியே இருந்தது.

அன்று காலை கண்ணகை வெள்ளைச் சட்டையை மினுக்கிக் கொடுத்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"கேக்கிறதுக்குப் பதில்."

"பென்சன் இருக்கு எண்டதையும் ஒருக்கா யோசிச்சுக்கொள்ளுங்க" என்றவள், சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டு, "நான் சும்மா சொன்ன. உங்கட மனசுப்படி செய்யுங்க" என்றாள். அவருடைய பையில், அதே பதவிக்கு அவர் எழுதி வாங்கியிருந்த நஸீறாவின் விண்ணப்பமும் இருந்ததை அவள் ஏற்கெனவே கண்டிருந்தாள்.

நேர்முகப் பரீட்சையில் மூவர் அமர்ந்திருந்தார்கள். சிங்களத்தில் கேட்டார்கள்; பதில் சொன்னார். நோயாளியின் கூற்றை மொழிபெயர்த்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். நடுவில் இருந்த தமிழ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புன்னகைத்தார்.

"உங்களப் போல அனுபவசாலி வேற ஒருத்தரும் வரல்ல. உங்களுக்கே குடுக்கலாம் எண்டு நினைக்கிறம்."

நல்லரத்தினம் பையிலிருந்து நஸீறாவின் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்து, தலையிடிப் பதிவேட்டின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அவவயும் கூப்பிட்டுப் பாக்கலாம். ஆனா பதவி ஒண்டுதான். அவவுக்குக் குடுத்தா உங்களுக்கு இல்ல, நீங்க நாட்கூலியாத்தான் இருப்பீங்க. வடிவா யோசிச்சுச் சொல்லுங்க, நல்லரத்தினம். வாற சனத்தில முக்கால்வாசி பொம்பிளையள். இந்த வேலைய நீங்க சரியாச் செய்வீங்களா?"

நல்லரத்தினம் வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்ல, ஐயா. நஸீறா செய்வா."