பிறர் உதவி ஏதுமின்றி

நான் டாக்டர் பட்டம் வாங்கியது ஓர் இரும்புத் தகட்டைப் பற்றி எழுதி. அந்தத் தகட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. நீள்சதுரமான ஒரு தகட்டின் நான்கு ஓரங்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே சமமாகப் பாரம் ஏற்றினால் நடுப்பகுதி எவ்வளவு தொய்யும் என்று காகிதத்திலேயே கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. கப்பல் கட்டுகிறவர்களும் பாலம் கட்டுகிறவர்களும் இதற்காகத் தவம் கிடக்கிறார்கள் என்று தியாகராய நகரில் இருந்த என் பேராசிரியர் சொல்லுவார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கப்பல்காரர்கள் என் முடிவுக்குக் காத்திராமலே கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். பொறியியல் கல்லூரி ஒன்றில் நான் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி இன்டர்மீடியட்டில் கணிதம் எடுத்து முதல் வகுப்பில் தேறியவள். பெண் பார்க்கப் போனபோது, பி.ஏ. படிக்க அனுப்புவீர்களா என்று அவளே கேட்டாள். கூடத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பெரிய மனசோடு "பேஷா" என்றேன். கல்யாணமான பிறகு, முதலில் என் தீசிஸ் முடியட்டும் என்றேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் படித்தால் சமையல் யார் செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே பதில் தெரிந்த கேள்வி அது. ஆகவே என் தீசிஸ் எப்போது முடியும் என்பதில் என்னைவிட அவளுக்கு அக்கறை அதிகம்.

அது சீக்கிரம் முடிய அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் நான் சூத்திரத்தை எழுதி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவேன். சாயங்காலம் திரும்பி வரும்போது ஏழு இலக்க லாக் டேபிளைப் பார்த்து அவள் எண்களைப் போட்டு வைத்திருப்பாள். கணிதம் நான் செய்கிறேன், கணக்கு அவள் போடுகிறாள் என்று எனக்குள் பாகம் பிரித்து வைத்திருந்தேன். பெரிய பாகம் எனக்கு.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது நாங்களும் கும்பகோணத்தில் மாமனார் வீட்டுக்குப் போனோம். அங்கே வந்து குவிந்திருந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் சமைத்துப் போடவே என் மனைவிக்குப் பொழுது சரியாக இருந்தது. ஊரே உயிருக்குப் பயந்து ஓடும்போது ஆராய்ச்சியை நிறுத்தாத மனிதன் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை. மாடியில் உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். அந்தப் பெயரை நான்தான் எனக்குக் கொடுத்துக்கொண்டேன், வேறு யாரும் கொடுக்கவில்லை.

பட்டணம் திரும்பிய பிறகு, அடுத்த வருஷம் தீசிஸ் முடிந்தது. மூன்று பிரதிகள் கொடுக்க வேண்டும். டைப் மெஷினில் கிரேக்க எழுத்து கிடையாது. அதனால் வாக்கியங்களை மட்டும் டைப் அடித்து, சூத்திரத்துக்கும் அட்டவணைக்கும் இடம் விட்டு, கையால் எழுதி நிரப்புவது வழக்கம். என் கையெழுத்து எனக்கே புரியாது. மூன்று பிரதிகளையும் அவள்தான் எழுதினாள். முதல் இரண்டு பிரதிகள் பைண்டரிடம் போய்விட்டன. மூன்றாவதில் ஓர் அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, இங்க நாலு நம்பர் சரியா இல்லை."

"பார்த்துதான் போட்டிருக்கேன். நீ எழுது."

"மூணு தடவை எழுதிட்டேன். மூணு தடவையும் இங்க வந்தா இடறறது."

எனக்குக் கோபம் வந்தது. பதிவு செய்த காலம் முடிய ஆறு நாள்தான் பாக்கி. அதற்குள் கொடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. "இன்டர்மீடியட் படிச்சவாளுக்கெல்லாம் இடறும். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறவனுக்கு இடறாது" என்றேன். இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒவ்வோர் எண்ணையும் அடுத்த எண்ணிலிருந்து கழித்து வரிசையாக எழுதி என் முன்னால் வைத்தாள். வித்தியாசங்கள் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். நாலு இடத்தில் மட்டும் ஏறியும் இறங்கியும் கோணல்மாணலாக இருந்தன.

"இது எங்காத்து மாடில நீங்க போட்டது" என்றாள். "ஏழு இலக்க புஸ்தகத்தைக் குண்டுக்குப் பயந்து காலேஜுல பெட்டில வெச்சு எங்கேயோ அனுப்பிட்டாளே. என்னோட இன்டர் புஸ்தகத்தைத்தானே வாங்கிண்டு போனேள்? அதுல நாலு இலக்கந்தான்."

உண்மை. கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண் ஒன்றை எடுக்கிற இடம் அது. நாலு இலக்கத்தில் போட்டால் மிஞ்சுவது வெறும் ஊகம். இதை மாணவர்களுக்கு நான் வருஷா வருஷம் எச்சரிக்கையாகச் சொல்லி வந்தேன்.

பைண்டரிடம் ஓடினேன். அவர் உருது பேசுகிற குடும்பத்துப் பெரியவர், நிதானமான மனிதர்.

"இன்னா சார், தச்சி பசை போட்டு காய வச்சிக்கீறேன். இப்ப வந்து பிரின்றியே" என்றார். "எய்தும்போதே பாத்து எய்தக் கூடாதா?"

பார்த்துத்தான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

நாலு நாள் அவள் உட்கார்ந்து அந்த எண்களைப் புதிதாகப் போட்டாள். நான் லீவு போட்டுவிட்டு அடுப்பங்கரையில் ரசம் வைத்தேன். அந்த ரசத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மூன்று பிரதிகளும் தயாராயின.

பாக்கி இருந்தது ஓர் உறுதிமொழி. ஆராய்ச்சியில் யார் யாருடைய உதவி பெற்றோம் என்று விண்ணப்பதாரர் கைப்பட எழுதித் தரவேண்டும் என்பது விதி. மனைவி பெயரைப் போடலாமா என்று பேராசிரியரைக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போட்டா, யார் இந்த அம்மா, என்ன படிச்சிருக்கான்னு சீமையில கேப்பான். அப்பறம் இதுல உன் வேலை எது, அவ வேலை எதுன்னு கேப்பான். என்ன பதில் சொல்லுவே?" என்றார். பதில் தெரியாததால் எனக்கு ஒரே நிம்மதி.

அதில் ஒரு சிக்கல் வந்தது. தீசிஸில் கையால் எழுதியதெல்லாம் அவள் கையெழுத்து. உறுதிமொழி மட்டும் என் கோழிக்கிறுக்கலாக இருந்தால் சந்தேகம் வரும். ஆகவே அதையும் அவளையே எழுதச் சொன்னேன். "இந்த ஆராய்ச்சியும் இதிலுள்ள கணக்கீடுகளும் முழுவதும் என் சொந்த உழைப்பு. பிறர் உதவி ஏதும் பெறவில்லை" என்று அவள் அழகாக ஆங்கிலத்தில் எழுதினாள். மை காய்ந்ததும் என் பக்கம் நகர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

தீசிஸ் கப்பலில் சீமைக்குப் போய், அங்கிருந்த பரீட்சகர்களின் அறிக்கை கப்பலில் வந்து சேர்வதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. விண்ணப்பதாரரின் முறை ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆனால் அட்டவணைகள் மிகுந்த கவனத்தோடு சரிபார்க்கப்பட்டிருக்கின்றன, அவற்றுக்காகவே பட்டம் தரலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அட்டவணை பற்றிய வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் பட்டத்துக்காக அவள் சந்தோஷப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

சொன்ன சொல் தவறாதவன் என்பதால் அந்த ஜூன் மாதமே பெண்கள் கல்லூரியிலிருந்து விண்ணப்பத் தாள் வாங்கி வந்தேன். இன்டர்மீடியட் முடித்த பிறகு பாடத்தில் என்ன பயிற்சி பெற்றீர்கள் என்று அதில் ஒரு கட்டம்.

"இதுல என்ன எழுதறது?" என்று கேட்டாள்.

"காலியா விட்டுடு" என்றேன்.

கல்லூரித் தலைவி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷங்களில் இவளுக்குக் கணிதத்தோடு ஏதாவது தொடர்பு இருந்ததா?" என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். உண்டு என்றால் என்ன தொடர்பு என்று அடுத்தபடியாகக் கேட்பார். பட்டம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இல்லை" என்று அவளே சொன்னாள்.

விட்டுப்போன பாடத்தைத் திரும்பப் பிடிப்பது சிரமம், இருக்கிற இடமும் குறைவு என்று தலைவி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். இரக்கமுள்ள அம்மாள். வாசல்வரை கூட வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"வருத்தப்படாதே. கணிதத்தில் டாக்டரே உன் வீட்டில் இருக்கிறார். அவர் சொல்லிக்கொடுப்பார், கற்றுக்கொள்" என்றார்.

அவள் சரி என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.